பற்று நோட்டின் பின்பக்கம்

எங்கள் கடையின் பழைய பற்று நோட்டுகள், அதாவது கடனுக்குக் கொடுத்த சாமான் கணக்கு எழுதுகிற நோட்டுகள், வருஷா வருஷம் எடைக்குப் போய்விடும். 2020 மார்ச்சிலிருந்து 2021 டிசம்பர் வரைக்குமான 7 நோட்டு மட்டும் பரணில் கிடக்கிறது. வைத்தது இவர்தான், என் வீட்டுக்காரர். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன மாதம் கறையான் இருக்கிறதா பார்க்க ஏணி போட்டு ஏறினவள், அந்தக் கட்டைக் கீழே இறக்கி ஒரு மத்தியானம் முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். டயரி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் யார் என்றைக்கு என்ன வாங்கினார்கள், எதை வாங்குவதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் தேதி போட்டு அதில் கிடக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிளை ரோடு. வீட்டின் முன்னறைதான் பலசரக்குக் கடை. சுற்றிலும் ரப்பர், வாழை, மரச்சீனி. ஒரு சர்ச், ஒரு இசக்கியம்மன் கோயில், ஒரு அண்டி ஆபீஸ். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஏறக்குறைய 140 வீடு எங்கள் வாடிக்கை, அதில் பாதிக்கு மேல் பற்று. நான் பிறந்த வீடு பாறசாலை. 1956இல் மாநிலம் பிரித்தபோது எங்கள் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, பாறசாலை கேரளத்திலேயே நின்றது. பஸ் போர்டில் எழுத்து மாறும், அவ்வளவுதான் எனக்கு அந்த எல்லை. மீன் குழம்பு மிஞ்சினால் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போய் வந்துவிடுவேன்.

மார்ச் 24 பக்கத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டும். சாதாரண நாளில் பதினைந்து இருபது வரி இருக்கும். அன்றைக்கு 61. என் கையெழுத்து, இவர் கையெழுத்து, மகள் கையெழுத்து, நடுவில் யாரோ ஒரு வாடிக்கைக்காரரே எழுதிய நாலு வரி. சாயங்காலம் 6 மணிக்கு 144 என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசி 21 நாள் என்றதும், அடைத்த ஷட்டரைத் தட்டித் திறக்க வைத்தார்கள்.

நாங்கள் அதைப் புயல் மாதிரிதான் நினைத்தோம். 2017இல் ஒக்கி வந்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. அந்த நினைவில் இவர் மார்த்தாண்டத்திலிருந்து முதலில் ஏற்றி வந்தது என்ன தெரியுமா? நாலு பெட்டி மெழுகுதிரியும் தீப்பெட்டியும். கொரோனாவுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கரண்ட் ஒரு நாள்கூடப் போகவில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி இரவு 9 மணிக்கு எல்லாரும் 9 நிமிஷம் விளக்கேற்ற வேண்டும் என்று அறிவிப்பு வந்ததால் அந்த மெழுகுதிரி தப்பித்தது.

அந்த முதல் இரண்டு நாளில் ஒரு தப்பு செய்தோம். கையில் காசோடு முதலில் வந்தவருக்குக் கேட்டதைக் கொடுத்தோம். கார் வைத்திருக்கிறவர்கள் அரிசி மூட்டையாகத் தூக்கிப் போனார்கள். அண்டி ஆபீஸ் பெண்களுக்கு வாரக்கூலி. சனிக்கிழமை கூலி வாங்கித்தான் அவர்கள் சாமான் வாங்குவார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாலேயே ஆபீஸ் பூட்டியாயிற்று, எங்கள் கடையில் சம்பா அரிசியும் தீர்ந்தாயிற்று. 'முன்கூட்டி வாங்கி வையுங்கள்' என்பது மாதச் சம்பளக்காரரைப் பார்த்துச் சொல்கிற பேச்சு. வாரக்கூலிக்காரர் எதை வைத்து முன்கூட்டி வாங்குவார்?

இப்போது மழை எச்சரிக்கை வந்தாலும் சரி, பந்த் என்றாலும் சரி, ஷட்டரைத் தூக்கும் முன்னால் 40 கட்டு கட்டி உள்ளறையில் வைத்துவிடுகிறேன். ஒரு கட்டில் அரிசி 5 கிலோ, பயறு, எண்ணெய், தேயிலை, சீனி, உப்பு. அது பற்றுக்காரர்களுக்கு. மீதிதான் ரொக்கத்துக்கு. கடை வைத்திருக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள், நஷ்டம் எதுவும் வராது. யாரும் கேட்காவிட்டால் கட்டைப் பிரித்து அடுத்த வாரம் விற்கப் போகிறோம். ஒன்று மட்டும், கோதுமை மாவும் ரவையும் அதிகமாகச் சேர்க்க வேண்டாம். மே மாதம் 12 கிலோ ரவையை வண்டு விழுந்து கோழிக்குப் போட்டேன்.

இனி சொல்லப்போவது ஆண்கள் கடை நடத்தினால் கண்ணில் பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ஊரடங்கு வந்ததும் கடைக்கு வருவது ஆண்கள் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும் என்பதால் பெண்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் சரக்கு சரிபார்க்கும்போது, நாப்கின் பெட்டி வந்தபடியே இருந்தது. ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை. வழக்கமாக மாதத்துக்கு ஐம்பது அறுபது போகிற சாமான். அரிசி இல்லை, தேயிலை இல்லை என்று ஊரே தவிக்கும்போது இது மட்டும் எப்படி மிஞ்சுகிறது? அப்புறம்தான் உறைத்தது. எந்தப் பெண் அதைச் சீட்டில் எழுதி மாமனார் கையில் கொடுத்து அனுப்புவாள்? பள்ளிக்கூடமும் பூட்டியிருந்தது, அங்கே கொடுக்கிற இலவச நாப்கினும் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரியே வாட்ஸாப்பில் எனக்குத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் ஒரு செய்தி போட்டேன். 'சீட்டில் கடைசியில் ஒரு புள்ளி வச்சு விடுங்க, நான் புரிஞ்சுக்கிடுவேன். ரெண்டு புள்ளி வச்சா ரெண்டு பாக்கெட்.' மறுநாள் காலையில் வந்த முதல் சீட்டு ஒரு ரிட்டையர்டு வாத்தியார் கொண்டுவந்தது. உளுந்து, கடுகு, வெளிச்செண்ணெய், அதற்குக் கீழே மூன்று புள்ளி. அவருக்கு இரண்டு மருமகள், ஒரு பேத்தி. பேப்பரில் பொதிந்து பையின் அடியில் வைத்தேன். "இது என்ன பிள்ளே, எழுதாத சாமான் வச்சிருக்கே?" என்றார். "வீட்டுல கேட்டதாக்கும் சார்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நோட்டில் அதை 'பு' என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்த ஏப்ரல் முழுக்கப் பக்கத்துக்குப் பக்கம் பு 2, பு 1, பு 3. கேட்கத் தயங்குகிற சாமான் எதுவானாலும் அதற்கு ஒரு சங்கேதம் முதலிலேயே பேசிவைத்துவிட வேண்டும்.

இன்னொரு பக்கம் நிறைய வெற்றிலைக் கணக்கு. எங்கள் மாமிக்கு, என் மாமியாருக்கு, சோறு இல்லாவிட்டால்கூட ஒரு நேரம் தள்ளிவிடுவார், வெற்றிலை இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. சந்தை நின்று வெற்றிலை வரத்து குறைந்தபோது வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் கமுகில் ஏறிக் கிடந்த கொடியிலிருந்து பறித்துக் கொடுத்தோம். 'காரம் இல்லை' என்று மூன்று நாள் முகம் திருப்பிக்கொண்டார்.

மாமியால்தான் அந்த நாற்காலிக் கதையும் நடந்தது. அவருக்கு ரத்த அழுத்தத்துக்குத் திருவனந்தபுரத்து டாக்டர்தான். எங்கள் தாலுகாவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வைத்தியம். மாத்திரையும் அங்கேயே வாங்கி வந்துவிடுவோம். ஏப்ரல் நடுவில் மாத்திரை தீர்ந்தது. களியக்காவிளையில் செக்போஸ்ட் அடைப்பு. ஊடு வழிகளில் எல்லாம் மண்ணும் கல்லும் கொட்டி மறித்திருந்தார்கள். மார்த்தாண்டத்தில் மூன்று மருந்துக்கடையில் அட்டையைக் காட்டினோம், அந்தப் பெயரில் இல்லை என்றார்கள்.

என் அண்ணன் திருவனந்தபுரத்தில் வாங்கி, பாறசாலையிலிருந்து எல்லைக்குக் கொண்டுவந்தான். நான் இந்தப் பக்கம். நடுவே தடுப்புக்கம்பி, இரண்டு மாநிலப் போலீஸ். கையில் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஒரு போலீஸ்காரர் நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துவந்து ரோட்டின் நடுவில் போட்டார். லாரியும் பஸ்ஸும் இடைவெளி இல்லாமல் ஓடுகிற நேஷனல் ஹைவேயில் ஒற்றை நாற்காலி. அண்ணன் வந்து அதில் பையை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அவன் நகர்ந்த பிறகு நான் போய் எடுத்தேன். மாத்திரையோடு அம்மா ஒரு சக்கைத்துண்டும் (பலாப்பழத் துண்டு) வாழையிலையில் கட்டிக் கொடுத்து விட்டிருந்தார். அண்ணன் அங்கேயிருந்து சத்தம் போட்டான்: "அம்மைக்கு ஒண்ணும் இல்லை, நீ விஷமிக்காதே!" அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதே என்று அர்த்தம். இருபதடி தூரத்தில் நின்றுகொண்டு ஃபோனில் பேசுவது மாதிரி கத்தினோம்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கி வந்த பிறகு, அடுத்த வாரம் கடைக்கு வந்த கிராம நர்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது டெல்மிசார்ட்டான்தானே, எல்லாக் கடையிலயும் உண்டே" என்றார். கம்பெனி வைத்த பெயரைக் காட்டி நாங்கள் தேடியிருக்கிறோம், உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் அட்டையில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. அன்றைக்கே மாமியின் மாத்திரை, இவருடைய சர்க்கரை மாத்திரை எல்லாவற்றின் மருந்துப் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதோடு நோட்டின் பின்னட்டையில் எழுதினேன். பற்று நோட்டின் பின்பக்கம் அப்படித்தான் வேறு நோட்டாக மாறத் தொடங்கியது. நீங்களும் உங்கள் வீட்டு மாத்திரை அட்டையை இப்போதே ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

அண்டி ஆபீஸ் பூட்டினதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடைக்கிற கொட்டை ஐவரி கோஸ்ட், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது. உடைத்த பருப்பு போவது வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும். எங்கள் ரோட்டில் கொட்டைப்பாலில் கை வெந்து கறுத்துப்போன அக்காமாருக்கு அந்த நாட்டுப் பெயரெல்லாம் சாக்குப் பையில் பார்த்த எழுத்து மட்டும்தான். அந்த நாடுகள் கதவடைத்தபோது இவர்கள் அடுப்பு அணைந்தது. ஏப்ரலில் ரேஷன் கடையில் டோக்கன் போட்டு அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள், அரிசியும் கிடைத்தது. வெஞ்சனத்துக்கு, சோற்றோடு சேர்க்கிற குழம்பு கறிக்கு? நோட்டில் அந்த மாதம் 50 கிராம் கடுகு, 5 ரூபாய்க்குத் தேயிலை, ஒற்றை முட்டை என்றுதான் வரி வரியாக இருக்கிறது. அளவு சுருங்கினால் வீட்டில் பணம் இல்லை என்று அர்த்தம். 'சாமான் வாங்கவில்லை' என்றால் அதைவிட மோசம். பதினைந்து நாள் பெயரே வராத வீட்டுக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய் எட்டிப் பார்ப்பேன். பற்று கூடிவிட்டதே என்று கூச்சப்பட்டு வராமல் இருந்தவர்கள்தான் அதிகம்.

பற்றுக் கொடுப்பதில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று வரம்பு வைத்தால் பிஸ்கட்டும் பீடியும் வாங்கி வரம்பைத் தீர்த்துவிட்டு அரிசிக்கு நிற்பார்கள். சாமானுக்கு வரம்பு வைக்க வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், பிள்ளைக்குப் பால்பொடி என்றால் இல்லை என்று சொல்வதில்லை. மற்றது ரொக்கம். தொகையை மட்டும் எழுதாமல் சாமான் பெயரையும் எழுதி, வாங்குகிறவர் கையாலேயே ஒரு சுழி போடச் சொன்னால் பின்னால் தகராறு வராது. 2020 கடைசியில் எங்களுக்கு வெளியே நின்ற பற்று 1,70,000 ரூபாய்க்கு மேல். மொத்த வியாபாரிக்கு நாங்களும் பற்றுதான். அவர் பொறுத்ததால் நாங்கள் பொறுத்தோம். இதில் எங்கள் தாராள மனசு என்று பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மீன் விற்க வருகிற அக்கா தூத்தூர் பக்கம். வாரத்தில் நாலு நாள் அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்து வருவார். போகும்போது எங்களிடம் அரிசி வாங்கிப் போவார். அவருடைய தம்பி ஈரானில் மீன்பிடிக்கப் போனவர், படகை விட்டு இறங்கவும் முடியாமல் ஊருக்கு வரவும் முடியாமல் மாட்டிக்கொண்டார். குமரிக் கடற்கரைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். கடைசியில் இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து அவர்களை ஏற்றி, ஜூலை 1ஆம் தேதி தூத்துக்குடியில் இறக்கியது. மொத்தம் 687 பேர். அதில் தம்பியும் இருந்தார்.

அக்காவுக்கு அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. அதே ஜூலையில் திருவனந்தபுரம் பூந்துறையில் கடற்கரை மக்களிடையே நோய் வேகமாகப் பரவியது. செய்தி வந்த மறுநாள் எங்கள் ரோட்டில் அவரைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். பூந்துறை எங்கே, தூத்தூர் எங்கே! "மீனுல கொரோனா இருக்காம்" என்று என்னிடமே ஒருத்தி சொன்னாள். அவள் வீட்டுக்காரர் தினமும் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு சீட்டு விளையாடப் போகிறவர். அக்கா பாத்திரத்தைக் கடைத் திண்ணையில் இறக்கி வைத்து, "நான் கடலுக்க பிள்ளை, உப்புத்தண்ணில விளையாத நோயா எனக்க மேல ஒட்டும்?" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் முழுப் பாத்திரத்தையும் வாங்கினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கும் பயம் இருந்தது. நூறு ரூபாய்க்கு நெத்திலி வாங்கி, ரூபாயை நாற்காலிக் கதை மாதிரி திண்ணையில் வைத்தேன்.

அந்தப் பயத்தில் என்னவெல்லாம் செய்தோம்! பால் கவரை சோப்பு நீரில் முக்கினோம். தக்காளியை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டோம். ரூபாய் நோட்டுகளை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்ததில் ஒரு இருபது ரூபாய் கருகியது. மகள் சானிடைசரைப் பற்று நோட்டில் அடித்து, மை கரைந்து, இரண்டு பேருடைய பற்று வாசிக்க முடியாமல் போய்விட்டது. அவர்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள், நாங்கள் நினைத்ததைவிட நூறு ரூபாய் கூடுதலாகவே.

நோய் முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றில் என்பதை இவ்வளவு அழுத்தமாக முதலிலேயே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமே அதைத் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் கடைசியில்தான். தொடும் பொருள்கள் மூலம் வரும் ஆபத்து மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னதும் அதே மாதம். நாங்கள் தக்காளியைக் குளிப்பாட்டிவிட்டு, ஏ.சி. போட்ட கல்யாண மண்டபத்தில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். இப்போது யாராவது காய்ச்சல் என்றால் முதலில் ஜன்னலைத் திறக்கிறேன். கடையிலும் பின்கதவைத் திறந்து போட்டுக் காற்று ஓட விடுகிறேன். கைகழுவுவதை விடச் சொல்லவில்லை, வயிற்றுப்போக்குக்காவது அது உதவும்.

மகளுக்கு அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. பரீட்சை மார்ச் 27 என்றார்கள், ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9ஆம் தேதி பரீட்சையே இல்லை, எல்லாரும் பாஸ் என்றார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20. அவள் அரையாண்டில் அம்மைபோட்டுக் கிடந்து எழுதியவள். "படிச்ச பரீட்சையை எழுத விடல, படிக்காத பரீட்சைக்கு மார்க் போட்டுட்டாங்க" என்று ஒரு வாரம் அழுதாள். பதினொன்று முழுக்க என் ஃபோனில்தான் படித்தாள், ரப்பர் தோட்டத்து மேட்டில் டவர் கிடைக்கிற ஒரு பாறை மேல் குடை பிடித்துக்கொண்டு. உலகம் முழுக்க அந்த நேரம் 150 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கு. அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பாறையாவது வாய்த்ததோ. அவளோடு படித்த இரண்டு பெண்கள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை. ஒருத்தி இப்போது அதே அண்டி ஆபீஸில்.

2021 மே மாதத்துக்கு வருகிறேன். அந்த நோட்டில் 17ஆம் தேதிக்குப் பிறகு 20 நாள் பற்றே கிடையாது. பின்பக்கத்தில் மட்டும் எழுத்து.

இவருக்குக் காய்ச்சல். மூன்றாம் நாளே பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் பார்த்தோம். பெயர் எழுதாத சின்னக் கவரில் மாத்திரைகள் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அதே கவர்தான். சாப்பிட்டதும் காய்ச்சல் இறங்கியது, பசியெடுத்தது, நல்ல டாக்டர் என்றோம். மறுநாள் சர்க்கரை 380. பிறகுதான் தெரிந்தது, அதில் ஒன்று ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர்காக்கும், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்று இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. ஒரு வருஷம் கழித்தும் எங்கள் ஊரில் காய்ச்சல் வந்த முதல் வாரத்திலேயே அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கவரில் மாத்திரை கொடுத்தால் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் போங்கள்.

கிராம நர்ஸ் தினமும் ஃபோன் செய்வார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டரை வைக்கும் முறையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு வைக்க வேண்டும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தால் எண் தப்பாக வரலாம். எண் நிலையாக நின்ற பிறகு நேரத்தோடு எழுத வேண்டும். அதன் பின் அறைக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடந்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். 94-க்குக் கீழே போனாலோ, நடந்த பிறகு 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

பின்பக்கத்தில் என் கையெழுத்து: '22.5 காலை 7 - 96, நடந்து 95. மதியம் 95, 94. ராத்திரி 94, 92. 23.5 காலை 6 - 93, நடந்து 89.' உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பேப்பர் படித்துக்கொண்டு, "எனக்கு மூச்சுமுட்டல் ஒண்ணும் இல்ல, சாயா போடு" என்கிறார். அந்த 89 எழுதியிருக்காவிட்டால் நானும் சாயாதான் போட்டிருப்பேன். 108-ல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். நுழைவாயிலில் டாக்டர் பிள்ளை ஒருத்தி, பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து நனைந்து நின்றவள், "எப்ப இருந்து குறையுது?" என்றாள். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். முழுவதும் வாசித்துவிட்டு, "இப்படி யாரும் கொண்டு வர்றதில்லம்மா" என்று உள்ளே அனுப்பினாள். ஒன்பது நாள் ஆக்சிஜன். கவிழ்ந்து படுக்க வைத்தார்கள், அதில் எண் ஏறுவது கண்ணால் தெரிந்தது என்று இவர் சொல்வார். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் மூன்றாம் நாள் இல்லை.

வீட்டில் நானும் மகளும் மாமியும் பாசிட்டிவ். மே 24-இலிருந்து ஊரடங்கு இறுகிப் பலசரக்குக் கடையே திறக்கக் கூடாது என்றாயிற்று. மே 31-லிருந்து வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். எங்களால் படி இறங்க முடியாது. சரக்கு உள்ளே, பற்றுக்காரர்கள் வெளியே.

எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொரு அண்ணாச்சி கடை உண்டு. பன்னிரண்டு வருஷமாக எங்களோடு சரியாகப் பேச்சு இல்லை. ஏதோ முட்டை விலையைக் குறைத்து விற்றதில் ஆரம்பித்த பிணக்கு. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவருக்கு ஃபோன் போட்டேன். "அண்ணாச்சி, நோட்டை வாசிக்கிறேன், எழுதிக்கிடுதீங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேனா எடுக்கட்டு பிள்ளே" என்றார்.

ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். தொகையை விட்டுவிட்டு விவரத்தைச் சொன்னேன். "வளைவு வீட்டுல பிள்ளைக்கு எட்டு மாசம், பால்பொடி பத்து நாளைக்கு ஒண்ணு வேணும். குருசடிக்குப் பின்னால உள்ள கிழவிக்குக் கண் தெரியாது, சில்லறையை எண்ணிக் கையில குடுங்க. வாத்தியார் வீட்டுச் சீட்டுல புள்ளி இருந்தா..." என்று நிறுத்தி, அதையும் சொன்னேன். அவர் மனைவியிடம் ஃபோனைக் கொடுத்தார். "டெய்லர் வீட்டுல கேக்காதீங்க. கேட்டா எல்லாம் இருக்குன்னு சொல்லுவாங்க. அஞ்சு கிலோ அரிசியை வாசல்ல வச்சிட்டு வந்துருங்க, எங்க பேருல எழுதுங்க." எங்கள் கடைச் சரக்கையும் பின்கதவு வழியே அவர் பையன் டி.வி.எஸ். வண்டியில் ஏற்றிப் போனான். வியாபாரம் போய்விடும் என்று இவர் ஆஸ்பத்திரியிலிருந்தே கவலைப்பட்டார். நாலைந்து வீடு அப்படியே அங்கே தங்கிவிட்டது உண்மைதான். முட்டை விலைப் பிணக்கும் முழுசாகத் தீரவில்லை.

2021 டிசம்பர் 1-இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே அரசு பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அதுவரை, பாதை திறந்திருந்த காலத்திலும் களியக்காவிளையில் இறங்கி, நடந்து எல்லை தாண்டி, அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறித்தான் அம்மாவைப் பார்க்கப் போவேன். அந்த வாரம் தூக்குவாளியோடு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செக்போஸ்ட்டைத் தாண்டினேன். நாற்காலி போட்டிருந்த இடத்தைத் தேடினேன், எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழு நோட்டில் வசூலாகாமல் நிற்பது இப்போது 11,000 ரூபாய் சொச்சம். அதில் மூன்று பெயர் இறந்தவர்களுடையது. அடித்துவிடு என்கிறார் இவர். நான் இன்னும் அடிக்கவில்லை.

இப்போது ஓடுகிற நோட்டின் பின்னட்டையிலும் மருந்துப் பெயர்கள், யார் வீட்டில் யாருடைய ஃபோன் நம்பர், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் நம்பர் எல்லாம் உண்டு. புது நோட்டு போடும்போது பார்த்து எழுதுவது மகள் வேலை. போன வெள்ளிக்கிழமை மீன் அக்கா பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "தம்பிக்க நம்பர் மாறிட்டு, எழுதிக்கோ" என்றார். எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"எங்க போவான்? திரும்பவும் ஈரானுக்குத்தான்."

பழைய நம்பரை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினேன். சாளை அன்றைக்கு நூறு ரூபாய்க்கு பதினைந்து.